சுவர் விழுந்தால் எந்த மாடி?

விழப்போகிற சுவரை விழப்போகிற சுவர் என்று சொல்ல வன்னியராஜுக்கு எவனுடைய சர்டிபிகேட்டும் வேண்டியதில்லை. பதினெட்டு வயசில் பணகுடிப் பக்கத்திலிருந்து கரண்டியும் தூக்குக்குண்டுமாகத் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறிய கொத்தனார் அவர். முப்பத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் சுவர் எழுப்புகிறார். அவர் கட்டியதில் ஒன்றுகூட இன்றுவரை தலை குனிந்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன் கரமனையில் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பின்னால், ஆறடிச் சந்துக்கு அந்தப் பக்கம், பத்தடி உயரத்தில் ஒரு வெட்டுக்கல் மதில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது.

மதில் யாருடையது? அங்கேதான் வம்பு. அது அனுமான நிலைமைகள் ஆணையத்துடையது.

பெயரைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். சில வருஷங்களுக்கு முன் ஒரு பெருமழை அடித்து ஓய்ந்த பிறகு, 'இப்படி ஆனால் என்ன செய்வது என்று யாருமே முன்கூட்டி யோசிப்பதில்லையே' என்று எங்கேயோ ஒரு மேஜையில் ஒரு பெரிய மனுஷர் வருத்தப்பட்டாராம். உடனே யோசிப்பதற்கென்று ஓர் ஆபீஸ் போட்டுவிட்டார்கள். மூன்று மாடிக் கட்டிடம், இரண்டு ஜீப்பு, ஒரு தோட்டம். இன்னும் நடக்காததைப் பற்றி யோசிப்பது அவர்கள் வேலை. யோசித்துவிட்டு ஏதாவது செய்வார்களா என்று கேட்கக்கூடாது. செய்வது வேறு ஆபீஸ்.

அந்தத் தோட்டம்தான் வினை. உட்கார்ந்து யோசிக்கத் தோதாக இருக்கட்டும் என்று மதிலை ஒட்டி ஐந்தடி உயரத்துக்குச் செம்மண் கொட்டி மேடாக்கி, குரோட்டன்ஸ் நட்டு, கல்பெஞ்சு போட்டார்கள். மழைத்தண்ணீர் வடிய மதிலின் அடியில் ஓட்டை விடவேண்டும் என்று ஒரு புத்திசாலிக்கும் தோன்றவில்லை. மண் ஊற ஊற மதிலைத் தள்ளியது. மதில் வன்னியராஜின் வீட்டைப் பார்த்துச் சாய்ந்தது. அந்தப் பக்கத்து ஜன்னலோரத்தில்தான் அவர் மகள் அனுஷாவின் கட்டில் கிடந்தது. அதற்கு அடுத்தாற்போல வடிவம்மாளின் அடுப்பு.

கும்ப மாசத்தில், அதாவது நம் மாசியில், மதிலில் ஒரு விரிசலைப் பார்த்தார் வன்னியராஜ். விரிசலுக்குக் குறுக்கே கொஞ்சம் சிமெண்டை அப்பி, ஆணியால் அன்றைய தேதியைக் கீறி வைத்தார். சுவர் நகர்கிறதா சும்மா நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்மார் செய்கிற சோதனை அது. ஒன்பதாம் நாள் தேதியின் நடுவில் வகிடு எடுத்த மாதிரி சிமெண்ட் பிளந்து கிடந்தது.

"நகருது வடிவு," என்றார் மனைவியிடம். "வைகாசியில வாற இடவப்பாதி மழைய இது தாங்காது."

"அப்பம் போய்ச் சொல்லுங்க. ஆபீசுன்னு ஒண்ண எதுக்கு வச்சிருக்காவ?"

பாவம், அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

அனுஷா பி.காம். இரண்டாம் வருஷம். அப்பா சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினாள். 'உங்கள் மதில் விழுந்தால் எங்கள் வீட்டின் மேல்தான் விழும். மண்ணை எடுத்துவிட்டால் போதும். ஆள் இல்லையென்றால் நானே கூலி வாங்காமல் எடுத்துத் தருகிறேன்.' இவ்வளவுதான் மனு. மூளை உள்ளவனுக்கு இது போதும்.

விசாரணை மேஜையில் மஹேஷ் என்ற கிளார்க் இருந்தான். மனுவை வாசித்துவிட்டு மிகவும் தயவாகச் சிரித்தான்.

"சேட்டா, பராதி எந்த பாஷையில வேணும்னாலும் தரலாம், ஒரு குழப்பமும் இல்ல. பக்ஷே 'விழுந்தால்'ங்கற அந்த வரி மாத்திரம் இங்கிலீஷ்ல வேணும். தமிழ்லயும் மலையாளத்துலயும் அது கிளியர் ஆகாது. எந்த மாடிக்கு அனுப்பறதுன்னு எங்களுக்குத் தெரியண்டாமா?"

"மாடியா?"

மாடிதான். ஆணையத்தின் மொத்த அஸ்திவாரமே அதுதான். ஒரு காரியம் நிச்சயம் நடக்கும் என்றால் இங்கிலீஷில் அதற்கு ஒரு வினை; அது கீழ்மாடி, முதல் பிரிவு, பச்சைப் படிவம். நடக்காது, சும்மா ஒரு பேச்சுக்குத்தான் என்றால் வேறு வினை. அது நடு மாடி, இரண்டாம் பிரிவு, மஞ்சள் படிவம். நடந்து முடிந்து தொலைந்தது, வேறு மாதிரி நடந்திருக்கலாமே என்றால் இன்னொரு வினை. அது மேல்மாடி, மூன்றாம் பிரிவு, வெள்ளைப் படிவம். தினமும் காலை பத்தேகாலுக்கு ஊழியர்கள் முற்றத்தில் வரிசையாக நின்று, நெஞ்சில் கைவைத்து, 'நடந்தால் செய்வோம், நடக்குமாயின் செய்யக்கூடும், நடந்திருந்தால் செய்திருப்போம்' என்று இங்கிலீஷில் உறுதிமொழி எடுப்பார்கள். பிறகு டீ.

அனுஷா அங்கேயே பச்சைப் படிவத்தில் எழுதினாள். 'இஃப் தி வால் ஃபால்ஸ், வீ வில் டை.' சுவர் விழுந்தால் செத்துப்போவோம். பிள்ளை சுருக்கமாகத்தான் எழுதியது.

இருபது நாள் கழித்து முதல் பிரிவிலிருந்து பதில் வந்தது. நிச்சயமாக விழும் என்ற வினையை உபயோகித்திருப்பதால், சுவர் நிச்சயமாக விழும் என்று சுவரின் உரிமையாளர் கையெழுத்திட்ட சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும்.

"உரிமையாளர் நீங்கதான சாரே?" என்றார் வன்னியராஜ் கீழ்மாடியில்.

"ஆமா," என்றார் அங்கிருந்த அதிகாரி.

"அப்பம் ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க."

"அதெப்படி? எங்க சுவர் விழும்னு நாங்களே எழுதித் தந்தா, விழுந்தா நாங்க மாட்டிக்க மாட்டோமா?"

அதிகாரி ஒளிவு மறைவு இல்லாதவர். நடு மாடிக்குப் போகச் சொன்னார்.

நடு மாடியில் டெப்யூட்டி டைரக்டர் வெங்கடசுப்ரமணியன் இருந்தார். கரமனை அக்ரகாரத்துக்காரர். மூன்று தலைமுறையாக ஆபீஸ் பார்த்த குடும்பம். தமிழில் பேசுகிறாரே என்று வன்னியராஜுக்கு நெஞ்சில் ஒரு குளிர்ச்சி. அது சீக்கிரமே போயிற்று.

அனுஷா 'ஃபெல்', 'வுட்' என்று திருத்தி எழுதிய மஞ்சள் படிவத்தை வெங்கடசுப்ரமணியன் கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டு தடவை வாசித்தார். மூன்றாம் தடவை சத்தமாக வாசித்தார்.

"பேஷ்! பொண்ணு ஜோரா எழுதியிருக்காளாக்கும். எத்தனை வருஷமாச்சு இப்படி ஒரு வாக்கியம் பார்த்து! இதை நோட்டீஸ் போர்டுலயே ஒட்டலாம்."

"அப்பம் மண்ணு எடுக்க ஆள் வருமா சாரே?"

"ஆள் எதுக்கு? இந்த வாக்கியத்துல சுவர் விழாதே."

"விழாதா?"

"இப்படி எழுதினா அது நடக்காதுன்னு அர்த்தம், கேட்டீரா? நடக்காத காரியத்துக்கு நான் எப்படி ஆள் அனுப்பறது? நாளைக்கு ஆடிட்காரன் கேட்பானே."

"எங்க பேச்சுல விழுந்தான்னா விழுந்தாதான் சாரே. விழுந்தா ஓடுவோம்."

வெங்கடசுப்ரமணியன் அனுதாபத்தோடு தலையாட்டினார். "அதான் நம்ம பாஷையோட தரித்திரம். எல்லாத்தையும் ஒரே விழுந்தாக்குள்ள போட்டு மூடிடறோம். இங்கிலீஷ்காரன் அப்படியில்ல. மனுஷன் விழறதுக்கு முன்னாடி எந்தக் காலத்துல விழறோம்னு தெரிஞ்சுண்டு விழுவான். நீர் மூணு நாள் பயிற்சிக்கு வாரும். மனுதாரர்களுக்குக் கட்டாயமாக்கும்."

வேலையை விட்டுவிட்டு மூன்று நாள் போனார் வன்னியராஜ். போகாமல் என்ன செய்வார்? ஜன்னலோரத்தில் கிடக்கிறவள் அவர் பெற்ற மகள். குளுகுளு ஹாலில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தலைக்கு மேல் தொங்குகிற மின்கம்பிக்காக வந்தவர், ஒருவர் ஸ்கூல் கிணற்றுக்காக வந்தவர். எல்லோரும் இங்கிலீஷில் வாய்ப்பாடு போல ஒப்பித்தார்கள். நான் பறவையாயிருந்தால் பறப்பேன். நான் ராஜாவாயிருந்தால் ஆள்வேன். 'நான் அதிகாரியாயிருந்தால்' என்று கிணற்றுக்காரர் ஆரம்பித்தபோது மட்டும் வாத்தியார் அவசரமாகப் பாடத்தை மாற்றினார்.

பக்கத்து நாற்காலியில் வித்துராவிலிருந்து வந்த மாடம்மாள் இருந்தாள். எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவள். அவள் வீட்டுக்கு மேலே சரிவில் ஒரு பாறை உருளத் தயாராக நின்றதாம். முதல் பிரிவில் எழுதிக் கொடுத்தாள். சான்றிதழ் கேட்டார்கள். இரண்டாம் பிரிவில் எழுதிக் கொடுத்தாள். நடக்காது என்று பதில் வந்த மறுவாரம் பாறை இறங்கி வந்தது. அவள் புருஷனுக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் போயிற்று.

"இப்பம் மேல்மாடியில சேர்த்துட்டாங்கண்ணே," என்றாள். "மாசாமாசம் வரச் சொல்லுதாங்க. ஒரு லெட்டர் தருவாங்க. அங்க மட்டும்தான் இருக்கச் சொல்லி டீயும் தருவாங்க."

கடிதத்தைக் காட்டினாள். கனத்த காகிதம், தங்கநிற முத்திரை. 'தாங்கள் முன்கூட்டியே தெரிவித்திருந்தால் ஆணையம் நடவடிக்கை எடுத்திருக்கும்.'

"நீ தெரிவிச்சியே!"

"தெரிவிச்சேன்னு சொன்னேன். அப்படிச் சொன்னா வாக்கியம் தப்பாயிருமாம்."

மூன்றாம் நாள் முடிவில் வெங்கடசுப்ரமணியன் மேடையேறிப் பேசினார். "நம்ம ஆணையம் தொடங்கி ஆறு வருஷமாச்சு. நிறைய விபத்து நடந்திருக்கு, நான் மறைக்கலை. ஆனா மார் தட்டிச் சொல்றேன், ஒரு விபத்தையாவது நாங்க தப்பான காலத்துல பதிவு பண்ணினதா எவனாவது காட்டட்டும் பார்ப்போம்! தடுக்கலையேன்னு சில பேர் பத்திரிகையில எழுதறா. தடுத்துட்டா அப்புறம் மேல்மாடிக்கு ஃபைல் எங்கேர்ந்து வரும்? பதினேழு பேர் அங்க உத்தியோகம் பார்க்கறா. அவா குடும்பத்தையும் யோசிக்கணுமோல்லியோ?"

கைதட்டினார்கள். வன்னியராஜும் தட்டினார். தட்டினால்தான் சர்டிபிகேட் என்று மஹேஷ் சொல்லியிருந்தான்.

இடவப்பாதி வந்தது. வந்த முதல் நாலு நாளிலேயே மதில் மேலும் நாலு விரல் சாய்ந்தது. வன்னியராஜ் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அளந்து பார்த்தார். போதுமடா சாமி உங்கள் இலக்கணம் என்று வேலை நடக்கிற இடத்தில் கேட்டு எட்டுச் சவுக்குக் கம்புகளைத் தூக்கி வந்தார். மதிலில் பலகை கொடுத்து, தரையில் ஆப்பு இறுக்கி, எட்டு முட்டு கொடுத்தார். எட்டில் ஏழுதான் சுமந்தது. கடைசி முட்டு சும்மா ஒரு மனசமாதானத்துக்கு. இத்தனை மாசத்தில் அன்றைக்குத்தான் வடிவம்மாள் நிம்மதியாக அடுப்பின் முன் நின்றாள்.

அந்த நிம்மதி பதினோரு நாள் இருந்தது. பன்னிரண்டாம் நாள் மஹேஷ் ஒரு நோட்டீஸைக் கொண்டு வந்தான். 'முட்டுக் கொடுக்கப்பட்ட சுவர் அனுமான நிலையில் உள்ள சுவராகாது. தாங்கள் தன்னிச்சையாகச் சுவரை நிற்கவைத்ததன் மூலம் இரண்டாம் பிரிவின் பரிசீலனைக்கு இடையூறு விளைவித்துள்ளீர்கள். வருகிற புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அதிகாரிகள் குழுவின் முன்னிலையில் முட்டுகளைத் தாங்களே அகற்ற வேண்டும். தவறினால் போலீஸ் மூலம் அகற்றப்படும்.'

அனுஷா வாசித்து முடித்தாள். பிறகு வடிவம்மாள்தான் வாயைத் திறந்தாள். நாசமாய்ப் போறவன்கள் என்று தொடங்கி அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. எழுதினாலும் அதற்கு எந்த மாடியிலும் படிவம் இல்லை.

வன்னியராஜ் மட்டும் நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற மஹேஷைப் பார்த்தார்.

"அதிகாரிக எங்கன நிப்பாங்க தம்பி?"

"நிக்க மாட்டாங்க சேட்டா, நாற்காலி போட்டு இருப்பாங்க. பதினொண்ணாம் விதி. சம்பவம் எங்க நடக்குமோ, ஆ ஸ்தலத்துல இருந்துதான் மினிட்ஸ் எழுதி ஒப்பு போடணும். விதி எழுதினதே வெங்கடசுப்ரமணியன் சார்தான்."

"சம்பவம் நடக்கிற இடம்னா, மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவுல இந்தச் சந்து."

"அதே."

வன்னியராஜ் முகத்தில் அன்றைக்கு வந்த அமைதியை வடிவம்மாள் முதலில் புரிந்துகொள்ளவில்லை.

புதன்கிழமை காலையில் மனைவியையும் மகளையும் ஆரியசாலையில் வடிவம்மாளின் அக்கா வீட்டுக்குப் போகச் சொன்னார். வடிவம்மாள் போனாள். அனுஷா போகமாட்டேன் என்று தெருமுனையில் நின்றுகொண்டாள். பதினோரு மணிக்கு ஜீப்பு வந்தது. வெங்கடசுப்ரமணியனும் மூன்று உறுப்பினர்களும் மஹேஷும் இறங்கினார்கள். சந்தில் ஐந்து நாற்காலியும் ஒரு சின்ன மேஜையும் போடப்பட்டன. நாற்காலிகளின் முதுகு மதிலைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரவெல்லாம் பெய்த மழையில் மதிலின் விரிசலில் செந்நீர் கசிந்து கொண்டிருந்தது.

"சாரே, அங்க இருக்கண்டாம்," என்றார் வன்னியராஜ். கொத்தனார் தர்மத்துக்கு அதைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை.

"விதி இருக்குய்யா," என்றார் வெங்கடசுப்ரமணியன். "எங்க வேலையை எங்களுக்குச் சொல்லித் தராதீர்."

டீ வந்தது. பிஸ்கட் வந்தது. மஹேஷ் மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்தான். சுவர் விழ வாய்ப்பில்லை என்பது ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டது என்று முதல் வரி எழுதப்பட்டது. வன்னியராஜ் சுத்தியலை எடுத்துக்கொண்டு எட்டாவது முட்டின் அருகே குந்தினார்.

"அப்பம் எடுக்கட்டுமா சாரே?"

"எடும்."

"எடுத்தா என்ன ஆகும்னு ஒரு வாக்கு சொல்லிருங்க."

"ஃபைல்ல என்ன இருக்கோ அதான் ஆகும். விழாது. எடும்யா, பன்னெண்டு மணிக்கு எனக்கு ஒரு செமினார் இருக்கு."

"ஃபைலப் பார்த்துச் சொல்லுதீங்களா, மதிலப் பார்த்துச் சொல்லுதீங்களா?"

வெங்கடசுப்ரமணியன் திரும்பி மதிலைப் பார்த்தார். ஆறு வருஷத்தில் அந்தப் பக்கத்திலிருந்து அதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அண்ணாந்து பார்த்தார். மதில் அவர் தலைக்கு மேலே வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

வன்னியராஜ் ஆப்பின் மேல் ஒரே ஒரு தட்டு தட்டினார். பெரிய தட்டுகூட இல்லை. விரிசலிலிருந்து கைப்பிடிச் செம்மண் பொலபொலவென்று உதிர்ந்தது. கொஞ்சம் உறுப்பினர்களின் வழுக்கையில், கொஞ்சம் மினிட்ஸ் புத்தகத்தில், மீதி வெங்கடசுப்ரமணியனின் டீயில்.

"ஐயையோ, விழறதுடா! ஓடுங்கோ! எல்லாரும் ஓடுங்கோ!"

சுத்தமான தமிழ். வினைச்சொல்லைத் தேட அவருக்கு அரை நொடிகூட ஆகவில்லை. மேஜை கவிழ்ந்தது. மூன்று உறுப்பினர்களும் ஆறடிச் சந்தின் வாயில் ஒரே நேரத்தில் முட்டிமோதிச் சிக்கிக்கொண்டார்கள். வெங்கடசுப்ரமணியன் அவர்கள் நடுவே புகுந்து, ஒற்றைச் செருப்போடு, தெருமுனையில் நின்ற அனுஷாவையும் தாண்டி, கரமனை ஆற்றுப் பாலம் வரை போய்த்தான் நின்றார். மஹேஷ் ஓடுகிற போதும் பிஸ்கட் பாக்கெட்டை விடவில்லை.

வன்னியராஜ் ஆப்பைப் பழையபடி இறுக்கினார். மதில் அப்படியே நின்றது. ஏழு முட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜேசிபி வந்தது. பச்சைப் படிவம் இல்லை, மஞ்சள் படிவம் இல்லை, சான்றிதழ் கேட்பார் இல்லை. மேட்டு மண்ணை அள்ளி, குரோட்டன்ஸையும் கல்பெஞ்சையும் தூக்கி எறிந்து, மதிலை வரிவரியாக இறக்கி மத்தியானத்துக்குள் தரையாக்கிவிட்டார்கள். உத்தரவில் காரணம் ஒரே வரியில் இருந்தது என்று மஹேஷ் சொன்னான். 'அதிகாரிகளின் உயிருக்கு ஆபத்து. மிக அவசரம்.'

எட்டு நாள் கழித்து வன்னியராஜுக்கு ஒரு கடிதம் வந்தது. கனத்த காகிதம், தங்கநிற முத்திரை. மேல்மாடியிலிருந்து. அனுஷா வாசித்தாள். 'மதில் இருந்திருந்தால் தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டிருக்கும்.'

வடிவம்மாள் அடுப்படியிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். ஜன்னல் வழியாக அத்தனை வருஷமாக வராத வெயில் கட்டில்வரை வந்து கிடந்தது. வன்னியராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. கடிதத்தை வாங்கித் தடவிப் பார்த்தார். இதே காகிதத்தை அவர் முன்பே ஒரு தடவை தொட்டிருக்கிறார்.

"மக்களே," என்றார். "அந்த வித்துரா பாறைக்கு அடியில ஒரே ஒரு நாள் இவனுவ நாற்காலி போட்டு இருந்திருந்தா, மாடம்மா புருசன் இண்ணைக்கு நடந்திருப்பான்."

அனுஷா நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா! அது மூணாம் பிரிவு. மூணு நாள் கிளாஸ்ல வராதது இப்ப கரெக்டா வந்துட்டு."

"கரெக்டா சொல்லிட்டேன், சரி. அவனுக்குக் கால் வருமா?"

வன்னியராஜ் எட்டுக் கம்புகளையும் கயிற்றால் ஒரே கட்டாகக் கட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு, வித்துராவுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். மாடம்மாளின் வீட்டுக்கு மேலே சரிவில் இன்னும் இரண்டு பாறை நிற்கிறதாம்.